பார்த்தால் வருமா வழக்காடும் திறன்?

சிங்கப்பூரில் வழக்கறிஞர்களுக்கென நடைபெறும் தொழில் மேம்பாட்டு வகுப்புகளுக்கு ஒரு விதி உண்டு. வருபவர் வந்தவுடன் கையொப்பமிட வேண்டும். முடிந்து செல்லுங்கால் மீண்டும் கையொப்பமிட வேண்டும். இடையில் 15 நிமிடங்களுக்கு மேல் வெளியே இருத்தல் கூடாது. இவை நிறைவேறினால் புள்ளி கிடைக்கும். அந்தப் 15 நிமிடங்களை அளப்பதற்குக் கடிகாரம் இருக்கிறது. எஞ்சிய நேரத்தில் அவருடைய உள்ளம் வகுப்பில் இருந்ததா, அலுவலகத்தில் முடியாமல் கிடக்கும் கோப்பில் இருந்ததா, மேசைக்கடியில் ஒளிரும் கைப்பேசியில் இருந்ததா என்பதை அளப்பதற்கு எதுவுமில்லை. உடல் வந்தது, புள்ளி வந்தது, கல்வி வந்ததா என்று கேட்பாரில்லை.

தொழிலுக்கு வந்த பின்னரும் வழக்கறிஞர் கற்றுக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா, அயோவா மாநிலங்கள் 1975ஆம் ஆண்டிலேயே அதனைக் கட்டாயமாக்கின. சிங்கப்பூரில் 2012 ஏப்ரலில் கட்டாயத் திட்டம் தொடங்கியபோது, தொழிலுக்குப் புதியவர்கள் ஆண்டுக்கு 16 புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. மலேசிய வழக்கறிஞர் மன்றம் 2016 ஜூலையில் தொடங்கிய சுற்றில் 24 திங்களுக்கு 16 புள்ளிகள் என்று வரையறுத்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் நோக்கத்தை எண்ணாக மாற்றிய அளவிலேயே எண்தான் நோக்கம் என்றாகிவிடும் பழைய நோய் இங்கும் பற்றிக்கொண்டது. சுற்று முடியும் காலம் நெருங்க நெருங்க, ‘எனக்கு என்ன தெரியவில்லை?’ என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வழக்கறிஞர், ‘இன்னும் எத்தனை புள்ளி குறைகிறது?’ என்று கேட்கத் தொடங்குகிறார்.

இந்தப் புள்ளிக் கணக்கோடு இப்பொழுது காணொளியும் கைகோத்திருக்கிறது. விரும்பிய நேரத்தில், விரும்பிய இடத்தில், விரும்பிய வேகத்தில் பதிவு செய்த பாடத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் வசதி, 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் வழக்கறிஞர் உலகில் வேரூன்றிவிட்டது. ‘இனி வகுப்பறை எதற்கு? எல்லாவற்றையும் காணொளியாக்கிவிடலாம்’ என்பார் ஒரு சாரார். ‘காணொளி கல்வியே அன்று, முகம் பார்த்துக் கற்பதே கல்வி’ என்பார் மறுசாரார். இரு சாராரும் உரத்துப் பேசுகின்றனர். இரு சாராரும் தவறான வினாவிற்கே விடை தேடுகின்றனர். காணொளியா, நேரடியா என்பதன்று வினா. எதனைக் காணொளியிடம் விடுவது, எதனை நேரடிப் பயிற்சிக்கென்று காப்பது என்பதே வினா.

காணொளிக்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிட வேண்டும். கோத்தா பாருவிலோ கங்காரிலோ தனியொருவராய் அலுவலகம் நடத்தும் வழக்கறிஞரை எண்ணிப் பார்க்கலாம். அவர் கோலாலம்பூரில் நடக்கும் 2 மணி நேரச் சொற்பொழிவிற்கு வருவதென்றால் ஒரு நாள் முழுதும் அலுவலகத்தைப் பூட்ட வேண்டும்; பயணச் செலவும் தங்கும் செலவும் வேறு. அச்சொற்பொழிவு அவருடைய மேசைக்கே வந்து சேருமானால் அதனை வேண்டாமென்பது வீம்பு. மலேசியாவில் கட்டாய மரண தண்டனையை நீக்கிய சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் புதிய நீதிமன்ற விதிகள் 2022 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தன. வாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் உட்பட, பழகிய பல சொற்களும் முறைகளும் அன்றே மாறின. இத்தகைய மாற்றங்களை விளக்குவதற்குக் காணொளியைவிடச் சிறந்த கருவி வேறில்லை. ஒருவர் தெளிவாக விளக்குகிறார், கேட்பவர் விளங்காத இடத்தில் நிறுத்துகிறார், மீண்டும் கேட்கிறார், சட்டப் பிரிவைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒப்பிடுகிறார். மேடையில் பேசுவோரை இங்ஙனம் நிறுத்த முடியுமா?

ஆனால் அந்தக் காணொளியும் காணொளியாக இருத்தல் வேண்டும். மேடையில் நிகழ்ந்த 3 மணி நேரப் பேச்சை ஒரு மூலையில் வைத்த கருவியால் பதிந்து, அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டுப் ‘பாடம்’ என்று பெயரிடுவது ஏமாற்று. எட்எக்ஸ் என்னும் இணையக் கல்வித் தளத்தில் மாணவர்கள் பாடங்களைப் பார்த்த விதத்தை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவரின் ஈடுபாடு பெரும்பாலும் 6 நிமிட அளவிலேயே நின்றுவிடுவதைக் காட்டியது. அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு, பதிவுப் பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றின் இறுதியிலும் சிறு தேர்வு வைத்தால் மனம் அலைவது குறைகிறது, குறிப்பெடுப்பது கூடுகிறது, நினைவில் நிற்பதும் கூடுகிறது என்று காட்டியது. தமிழாசிரியர்களுக்கு இது புதுச் செய்தியன்று. பாடத்தின் நடுவே ‘எங்கே, சொல் பார்க்கலாம்’ என்று ஒரு மாணவனை எழுப்பாத ஆசிரியர் உண்டோ? அந்த எளிய வழக்கத்தைக்கூடச் செய்யாத காணொளிகளே புள்ளிச் சந்தையில் மலிந்து கிடக்கின்றன.

இனி, காணொளியால் ஆகாதது எது?

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்வியின் கணக்கைக் கால் அளவில் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை முழுதாக மனத்தில் கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கே. உடன் கற்பாரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதுதான் வந்து நிரம்பும். தமிழ் மாணவர் மனப்பாடமாக ஒப்பிக்கும் இலக்கணம் இது. மிகச் சிறந்த ஆசிரியரின் மிகச் சிறந்த காணொளியை முழுக் கவனத்தோடு பார்த்து முடித்த வழக்கறிஞர்க்கும் பவணந்தியார் கணக்கின்படி கால் பங்குதான் கைவந்திருக்கிறது. அந்தக் கால் பங்கிற்கே முழுப் புள்ளி கொடுத்து அனுப்பும் முறை எந்த நாட்டுக் கணக்கு?

வழக்கறிஞர் தொழில் வாயால் செய்யும் தொழில். எடுத்துரைப்பதே அத்தொழில். சாட்சியை வினவ வேண்டும். நீதிபதி இடைமறித்துக் கேட்கும்போது தடுமாறாமல் மறுமொழி கூற வேண்டும். அழுதுகொண்டு வரும் கட்சிக்காரரிடம் அழுகைக்கு நடுவே உண்மையைக் கேட்டுப் பெற வேண்டும். பொய் சொல்லும் கட்சிக்காரரிடம் அவர் மானம் கெடாமல் அதனை உணர்த்த வேண்டும். இவற்றுள் எதனைப் பார்த்துக் கற்க முடியும்? நூறு முறை நீச்சலைத் திரையில் கண்டவன் ஆற்றில் இறங்கினால் என்ன ஆவான் என்பதை ஆறு சொல்லும்.

சிங்கப்பூரில் வழக்கறிஞராகச் சேர்வதற்குரிய 2020ஆம் ஆண்டுத் தேர்வு, பெருந்தொற்றின் காரணமாகத் தேர்வு மண்டபத்தில் அன்றித் தொலைவிலிருந்தே எழுதப்பட்டது. அத்தேர்வில் 11 பயிற்சி வழக்கறிஞர்கள் ஏமாற்றியது 2022இல் வெளிப்பட்டு நாடெங்கும் பேசப்பட்டது. தொழில் ஒழுக்கமும் அவர்களுக்குரிய பாடங்களுள் ஒன்று! ஒழுக்கவிதிகளை அவர்கள் அறியாமல் இருந்திருப்பார்கள் என்று எவரும் நம்பமாட்டார். விதியை அறிதல் வேறு. கையில் கைப்பேசியும் கண்முன் வினாத்தாளும் இருக்கும் தனிமையில் அவ்விதியின்படி நிற்றல் வேறு. முன்னதைத் திரை கற்பிக்கும். பின்னது மூத்தவர் ஒருவரின் அருகில் இருந்து, அவர் கட்சிக்காரரின் பணத்தை எப்படிக் கையாள்கிறார், நீதிமன்றத்தில் தமக்குப் பாதகமான தீர்ப்பையும் எப்படி மறைக்காமல் எடுத்து வைக்கிறார் என்று நாள்தோறும் கண்டு படிவது. மலேசியாவில் சேம்பரிங் என்னும் 9 மாதப் பயிற்சியைச் சட்டம் வைத்திருப்பதும், சிங்கப்பூர் தன் 6 மாதப் பயிற்சியை 2024 முதல் ஓராண்டாக நீட்டியதும் இந்த உண்மையை ஒப்புக்கொண்டதன் அடையாளங்கள். தொழிலின் வாசலில் ஒப்புக்கொண்ட உண்மையை, உள்ளே வந்தபின் மறந்துவிடுவதுதான் விந்தை.

இவ்வளவும் கேட்டு நேரடி வகுப்பின் காவலர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். அவர்கள் நடத்துவதும் பயிற்சியன்று. விடுதி மண்டபம் ஒன்றில் இருநூறு நாற்காலிகள், முன்னே ஒரு மேடை, மேடையில் மூவர், திரையில் எழுத்து நிறைந்த பக்கங்கள், இடையே தேநீர், கறிபாப், இறுதியில் ‘வினா ஏதேனும் உண்டா?’ என்று ஒருவர் கேட்க, மண்டபமே மணிக்கட்டைப் பார்க்கும். இதற்கு நேரடிப் பயிற்சி என்று பெயர்! பேசுபவரின் வியர்வையைக் கண்ணால் காணலாம் என்பதைத் தவிரக் காணொளிக்கும் இதற்கும் வேறுபாடு யாது? காணொளியையாவது நிறுத்திவைத்துச் சிந்திக்கலாம். மண்டபத்துச் சொற்பொழிவு நேரடியின் செலவையும் பதிவின் ஊமைத்தன்மையையும் ஒருங்கே உடையது. காணொளிக்கு எதிராக இவர்கள் எழுப்பும் குரல் கல்வியின் குரலன்று. மேடையைப் பறிகொடுக்க மனமில்லாதவரின் குரல்.

‘வந்தவர்கள் மனநிறைவோடு சென்றார்கள்; கருத்துப் படிவத்தில் பாராட்டி எழுதினார்கள்’ என்று இவர்கள் சான்று காட்டுவர். 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு இச்சான்றின் வேரையே அறுத்தது. தாமே முயன்று பயிலும் வகுப்பில் இருந்த மாணவர்கள் தேர்வில் மிகுதியாகப் பெற்றார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே எண்ணினார்கள். நயமான சொற்பொழிவைக் கேட்டவர்கள் குறைவாகப் பெற்றார்கள். ஆனால் மிகுதியாகக் கற்றதாக எண்ணினார்கள். முயற்சியின் வலியைக் குறைபாடு என்று மனம் தவறாகக் கணக்கிடுகிறது. பாராட்டுப் படிவங்களைப் பார்த்துப் பயிற்சியை அளப்பவர்கள், இனிப்பை வைத்து மருந்தை அளப்பவர்கள்.

வழக்கறிஞர் தொழிலின் பிறப்பிடத்திற்கே சென்று பார்த்தால் இவ்வழக்கு எளிதில் தீரும். இங்கிலாந்தில் இடைக்காலத்தில் லண்டன் மாநகரின் நான்கு சட்ட விடுதிகள் வளர்ந்தன. மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கப்பலேறிச் சென்ற முந்திய தலைமுறை வழக்கறிஞர் பலர் பட்டம் பெற்றது அவ்விடுதிகளில்தான். குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்துண்டால்தான் வழக்கறிஞராகலாம் என்னும் விதியை அவர்கள் ஊருக்குத் திரும்பி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த விருந்து வெறும் உணவன்று. பழங்காலத்தில் உணவிற்குப் பின் மண்டபத்திலேயே போலி வழக்கு நடக்கும். மூத்தோர் நீதிபதிகளாய் அமர்வர். இளையோர் எழுந்து வாதிடுவர். வழக்கறிஞர் சமுதாயத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பார்’ என்னும் பெயரே, பயில்வோர் வந்து நின்று வாதிட அழைக்கப்பட்ட அந்தத் தடுப்பை ஒட்டி வந்ததென்பர். தொழிலின் பெயரிலேயே பயிற்சி முறை பதிந்து கிடக்கிறது. அச்சு நூல் பரவாத காலத்தில், நூலறிவும் வாதப் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தன. பின்னாளில் போலி வழக்கு மங்கிற்று. விருந்து மட்டும் நெடுங்காலம் நின்றது. வருகைப் பதிவு மட்டும் எஞ்சிய இன்றைய புள்ளிமுறைக்கு இதைவிட நெருங்கிய முன்னோர் வேண்டுமா?

மங்கிய அந்தக் கலையை இக்காலத்தில் மீட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய தேசிய வழக்காடு பயிற்சி நிறுவனம், செய்து கற்றல் என்னும் நெறியை முன்வைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஜார்ஜ் ஹாம்பெல் வகுத்த முறை ஆறு படிகளை உடையது. இங்கிலாந்தின் சட்ட விடுதிகளிலும், மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் வாதத்திறன் பயிற்சிகளிலும் அது கையாளப்பட்டிருக்கிறது. அம்முறையைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். காணொளியும் நேரடியும் எங்ஙனம் கூடி வாழலாம் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று இல்லை.

இளம் வழக்கறிஞர் ஒருவர் சாட்சியாக நடிப்பவரைக் குறுக்கு விசாரணை செய்கிறார் என்று கொள்வோர் கொள்க. ‘அன்று மழை பெய்துகொண்டிருந்தது, தெருவிளக்கும் எரியவில்லை, நீங்களும் கண்ணாடி அணியவில்லை, ஆகையால் உங்களால் அவர் முகத்தைப் பார்த்திருக்க முடியாது, அல்லவா?’ என்று ஒரே மூச்சில் கேட்கிறார். கேட்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது. பயிற்றுநர் நிறுத்துகிறார். முதலில், தாம் பேசப்போகும் குறை ஒன்றே ஒன்று என்று அதற்குத் தலைப்பிடுகிறார்: ஒரு வினாவில் ஒரு செய்தி. அடுத்து, இளைஞர் சொன்னதைச் சொல் பிறழாமல் அவருக்கே படித்துக் காட்டுகிறார். பிறகு, அது ஏன் குறை என்கிறார்: நான்கு செய்திகளில் ஒன்று தவறானாலும் சாட்சி ‘இல்லை’ என்று கூறித் தப்பிவிடுவார், எதனை மறுத்தார் என்று எவருக்கும் தெரியாது. பின்னர்த் தீர்வு சொல்கிறார். அதன்பின் தாமே எழுந்து அதே சாட்சியிடம், ‘மழை பெய்துகொண்டிருந்தது?’ ‘தெருவிளக்கு எரியவில்லை?’ என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக் காட்டுகிறார். இறுதியாக, இளைஞர் அங்கேயே, அப்பொழுதே மீண்டும் செய்து பார்க்கிறார். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் இருநூறு நாற்காலி மண்டபத்தில் ஒருபோதும் நிகழா.

இனித்தான் காணொளி வருகிறது. இளைஞர் வாதிட்டது முழுவதும் படம் பிடிக்கப்பட்டிருக்கும். அதனை எடுத்துக்கொண்டு அவர் மற்றோர் அறைக்குச் செல்கிறார். அங்கே வேறொரு பயிற்றுநர் அமர்ந்திருக்கிறார். இருவரும் சேர்ந்து அப்படத்தைப் பார்க்கின்றனர். ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ‘சரி, சரி’ என்று தாம் சொல்லிக்கொண்டிருப்பதை இளைஞர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார். சாட்சி தடுமாறிய பொன்னான நொடியில் தம் கண் குறிப்புத்தாளில் புதைந்திருந்ததைக் காண்கிறார். பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்த தம் விரலைக் காண்கிறார். எந்த நண்பரும் சொல்லாததைப் படம் சொல்லிவிடுகிறது.

படம் பார்த்துக் கற்பது வேறு. கற்பவரைப் படமெடுத்துக் காட்டுவது வேறு. முன்னதில் கற்பவர் பார்வையாளர். பின்னதில் அவரே பாடம். ஆனால் காணொளிக் கல்வி என்றால் அறிஞர் ஒருவர் பேசுவதைப் பதிவதுதான் என்று எண்ணிக் கருவியை ஆண்டுக்கணக்காகத் தவறான பக்கம் திருப்பி வைத்திருக்கின்றனர்.

நேரடி என்னும் சொல்லுக்கும் இங்கு ஒரு விளக்கம் வேண்டும். ஒரே அறையில் கூடியிருத்தல் மட்டும் நேரடியன்று. பேசியதற்கு உயிருள்ள ஒருவர் அப்பொழுதே மறுமொழி தருவதே நேரடி. நீதிமன்றமே திரைக்கு வந்துவிட்ட காலம் இது. 2020 மே திங்களில் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் மலேசியர் ஒருவருக்கு ஜூம் வழியாகவே மரண தண்டனை விதித்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அத்தகைய வழக்குகளே திரையின் வழியாக நடைபெறுமாயின், திரையின் முன் வாதிடுவதற்கும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியும் திரையின் வழியாகவே, ஆனால் உயிருள்ள மனிதரோடு நடைபெற வேண்டும். 2021இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வழக்கறிஞர் ஒருவர், திரை விசாரணையில் பூனை முகத்தோடு தோன்றி, அதனை நீக்கத் தெரியாமல் தவித்ததைக் கண்டு உலகமே சிரித்தது. கருவியை ஒருமுறை நேரில் தொட்டுப் பழகியிருந்தால் அந்தச் சிரிப்பு உலகிற்குக் கிடைத்திராது.

தமிழ் கற்பிப்போரும் கற்போரும் இவ்வழக்கில் வெறும் பார்வையாளர் அல்லர். மலேசிய நீதிமன்றங்களின் மொழி தேசிய மொழியாகிய மலாய். நீதியின் நலன் கருதி ஆங்கிலமும் இடம்பெறுகிறது. சிங்கப்பூர் நீதிமன்றங்களில் ஆங்கிலம். தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் தோட்டப்புறத்து மூதாட்டியோ, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியோ சாட்சிக் கூண்டில் ஏறும்போது, நீதிபதிக்கும் அவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். அப்பொழுது என்ன நேரும் என்பதைத் தமிழிலக்கணம் அறிந்தவர் எளிதில் உணர்வர்.

வழக்கறிஞர் ஆங்கிலத்தில், ‘அன்றிரவு நீங்கள் கடைக்குப் போகவில்லை, அல்லவா?’ என்னும் பொருளில் கேட்கிறார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்கிறார். மூதாட்டி, ‘ஆமாம்’ என்கிறார். தமிழில் அதற்குப் பொருள், ‘நீங்கள் சொல்வது சரி, போகவில்லை’ என்பது. அச்சொல் அப்படியே ஆங்கிலத்திற்குச் சென்றால் ‘போனேன்’ என்று கொள்வதற்கு இடமாகும். ஆங்கிலத்தில் போகாதவர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். ஒரு சொல்லில் சாட்சியம் தலைகீழாகிறது. மூதாட்டி பொய் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரும் பிழை செய்யவில்லை என்றே சாதிக்கலாம். பிழை எதிர்மறை வினாவைக் கேட்டவருடையது.

மற்றொன்று. ‘நாம் போகலாம் என்று சொன்னான்’ என்பதற்கும், ‘நாங்கள் போகிறோம் என்று சொன்னான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்கப்பள்ளி மாணவனும் அறிவான். முன்னதில் கேட்டவனும் கூட்டத்தில் சேர்கிறான், பின்னதில் சேரவில்லை. மலாய் மொழியிலும் ‘கித்தா’, ‘காமி’ என்று இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். கூடிச் சதி செய்தார்கள் என்னும் வழக்கில் ஒருவன் உள்ளே சேர்ந்தவனா வெளியே நின்றவனா என்பது அந்த ஒரு சொல்லில் தொங்கலாம். ‘மாமா’ என்று சாட்சி சொன்னால் அவர் தாயின் உடன்பிறந்தவரா, மாமனாரா, அடுத்த வீட்டுக்காரரா? ‘அண்ணன்’ என்றால் குருதி உறவா, மரியாதையா? சொத்து வழக்கில் இவை சிறிய ஐயங்கள் அல்ல.

இவற்றைக் காணொளியில் விளக்கலாம், விளக்கவும் வேண்டும். அரைமணி நேரப் பாடம் போதும். ஆனால் விளங்கிக்கொண்ட வழக்கறிஞரே அடுத்த நாள் நீதிமன்றத்தில் பழக்கத்தின் வேகத்தில் ‘போகவில்லை, அல்லவா?’ என்றுதான் கேட்பார். நாக்கின் பழக்கத்தை அறிவு மாற்றாது. நாக்கின் பழக்கத்தை நாக்கே மாற்ற வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவே நிறுத்தி, தமிழ் பேசும் ஒருவரைச் சாட்சியாக அமர்த்தி, பத்து வினாக்களைக் கேட்கச் செய்து, பத்தும் எப்படித் திரிந்து திரும்பி வருகின்றன என்பதைக் கண்ணெதிரே காட்டினால், அந்த வழக்கறிஞர் பதினோராம் வினாவைக் குறுக்கிக் கேட்பார். மொழிபெயர்ப்பாளர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவும், மொழிபெயர்ப்பாளரைப் பாராமல் சாட்சியின் முகத்தைப் பார்க்கவும் பழகுவார். தமிழ் பேசும் வழக்கறிஞர்க்கு வேறொரு சோதனை உண்டு. சாட்சி சொன்னது அவர் காதில் தமிழிலேயே விழுந்துவிடும். அந்த விடையைக் கொண்டு மொழிபெயர்ப்பாளரை முந்திச் சென்றால், நீதிமன்றப் பதிவில் இல்லாத விடைக்கு மறுவினா கேட்டவராவார். இந்த அடக்கமும் வாயை மூடிப் பயின்றால்தான் வரும்.

செலவைக் காட்டி இதனைத் தள்ளுவோர் உண்டு. ஒரு பயிற்றுநரிடம் ஏழெட்டுப் பேருக்கு மேல் விட இயலாது என்பதும், பயிற்றுநர்கள் தொழிலில் மூத்தவர்கள், அவர்களுடைய நேரம் விலை உயர்ந்தது என்பதும் உண்மையே. ஆயினும் அந்த மூத்தவர்களின் நேரம் இன்று எங்கே செலவாகிறது? ஒரே சொற்பொழிவை ஆண்டுதோறும் வெவ்வேறு ஊர் மண்டபங்களில் திரும்பத் திரும்ப நிகழ்த்துவதில் செலவாகிறது. அதனை ஒருமுறை செவ்வையாகப் பதிந்துவிட்டால், மிஞ்சும் நாள்களெல்லாம் பயிற்சிக்கு ஆகும். காணொளி மிச்சப்படுத்தும் நேரத்தை நேரடிப் பயிற்சிக்கு ஈடாகக் கொடுப்பதே நேர்மை. இன்று நடப்பதோ, காணொளி மிச்சப்படுத்தியதை எடுத்துக்கொண்டு நேரடிப் பயிற்சியையும் நிறுத்திவிடுவது.

புள்ளியை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உளர். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு ஆண்டுக்கு 16 மணி நேரம் என்றிருந்த கட்டாயக் கணக்கு 2016 நவம்பரில் கைவிடப்பட்டது. தமக்கு எது தேவை என்று தாமே எண்ணிப் பார்த்துத் திறனைக் காத்துக்கொள்க என்று விடப்பட்டது. மனச்சான்றுள்ளவர்க்கு அது விடுதலை; ஏனையோர்க்கு விடுமுறை. சிறிய அலுவலகங்களில் வேலைச் சுமையால் நசுங்கும் இளையோரை, ‘விரும்பினால் கற்க’ என்று விட்டால், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர் ஒருநாளும் விடுப்புத் தரமாட்டார். கட்டாயம் இருக்கட்டும். கட்டாயம் எதன்மீது என்பதையே மாற்ற வேண்டும். காணொளியைப் பார்த்து முடித்ததற்குத் தனியே புள்ளி வேண்டாம். பார்த்துவிட்டு வந்து, அப்பாடத்தைக் கொண்டே ஒரு வாதமோ விசாரணையோ கட்சிக்காரர் சந்திப்போ செய்து காட்டிய பின் இரண்டிற்கும் சேர்த்துப் புள்ளி தரட்டும். நேரடி வகுப்பில் சொற்பொழிவு இருக்குமானால் அதற்கும் புள்ளியில்லை என்று ஒரு வரி எழுதட்டும். அந்த ஒரு வரியைக் கண்டு எத்தனை மண்டபங்கள் காலியாகும் என்பதை எண்ணிப் பார்த்தாலே, இதுநாள்வரை அங்கு நடந்தது யாதென்பது விளங்கும்.

தொலைவிலுள்ள ஊர்களுக்கு இது பொருந்தாது என்று தள்ளவும் வேண்டுவதில்லை. நீதிமன்றம் உள்ள ஊர்களில் மூத்த வழக்கறிஞர்கள் இருக்கின்றனர். வேலை நாள் முடிந்தபின் வெறுமையாய்க் கிடக்கும் அறைகள் இருக்கின்றன. படமெடுக்கும் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. பாடத்தை வீட்டில் பார்த்துவிட்டு வந்த எண்மர், திங்களுக்கு ஒருமுறை மாலை 2 மணி நேரம் கூடினால் போதும். சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்றால், அந்த ஊர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியரையும், ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரையும் அழைக்கலாம். எதிர்மறை வினாவிற்கு ‘ஆமாம்’ என்று விடை கூறிவிட்டு, தாம் என்ன சொன்னோம் என்பதை அந்த எண்மருக்கும் விளக்க, இலக்கணம் அறிந்த அவ்வாசிரியரைவிடத் தகுந்த சாட்சி கிடைப்பது அரிது.